நீலக் குழந்தைகள்

நுழையும்முன்

நோயுற்ற குழந்தையைப் பேணுதல், நோயின் காரணத்தை ஆராய்தல், நாளைய மருத்துவரைப் பயிற்றுவித்தல் ஆகிய மூன்று பணிகளும் மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவத் துறையில் ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன. படுக்கையருகே எழும் வினா ஆய்வகத்திற்குச் செல்கிறது. அங்குக் கிடைத்த விடை மீண்டும் படுக்கையருகே வருகிறது. அதனைக் கண்ட மாணவர் வேறோர் ஊருக்கு அதை எடுத்துச் செல்கிறார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவ்வாறு பயணம் செய்த ஒரு வினாவின் வரலாறே இப்பாடம்.

ஹாரியட் லேன் இல்லம்

பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கிக் குந்தி அமர்ந்துவிடும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுடைய உதடுகளும் நகக்கண்களும் நீலம் பாரித்திருக்கும். அழுதால் நீலம் கருமையாகும். சில வேளைகளில் நினைவிழப்பர். குந்தி அமர்ந்தால் சற்றே மூச்சு எளிதாகும் என்பதை எவரும் கற்பிக்காமலேயே அக்குழந்தைகள் அறிந்திருந்தனர். பிறவியிலேயே இதயம் குறைபட்டுப் பிறந்த இவர்களை மருத்துவ உலகம் 'நீலக் குழந்தைகள்' என்று அழைத்தது. 1940களின் தொடக்கம் வரை இவர்களுக்கு உயிர்வளி கொடுத்து ஆறுதல் கூறுவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது என்பதே பொதுவான முடிவாக இருந்தது. பலர் பள்ளிப் பருவத்தைக் கூட எட்டவில்லை.

இத்தகைய குழந்தைகள் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவாகிய ஹாரியட் லேன் இல்லம். தம் மகன்கள் இருவரையும் இளமையிலேயே இழந்த ஒரு தாய் விட்டுச் சென்ற பொருளால் அமைந்தது அது, 1912இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியோடு இணைந்து இயங்கியதால் அங்கே நோயாளியும் மாணவரும் ஆய்வாளரும் நாள்தோறும் ஒருவரையொருவர் சந்தித்தனர்.

1927இல் அத்துறையின் தலைமையை ஏற்ற எட்வர்ட்ஸ் பார்க், இதயநோய், மனநலம் முதலியவற்றிற்கெனத் தனித்தனிச் சிறப்புப் பிரிவுகளைத் தோற்றுவித்தார். ஒரே வகை நோயுள்ள குழந்தைகளை ஒரே மருத்துவர் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தால் நோயின் போக்குப் புலப்படும் என்பது அவருடைய எண்ணம். அது வீண்போகவில்லை. அங்கே மனநலப் பிரிவை நடத்திய லியோ கானர், பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து 1943இல் எழுதிய கட்டுரையே ஆட்டிசம் என்னும் நிலையை உலகிற்கு விரித்துரைத்தது. இதயநோய்ப் பிரிவை 1930இல் பார்க் ஓர் இளம்பெண் மருத்துவரிடம் ஒப்படைத்தார். அவர் பெயர் ஹெலன் டாசிக்.

கைகளால் கேட்டவர்

டாசிக் 1898இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர். தாயை அவர் பதினோராம் வயதில் காசநோய்க்குப் பறிகொடுத்தார். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் அவருக்குக் கடும் இடர்ப்பாடு இருந்தது. தந்தை பொறுமையோடு உடனிருந்து கற்பித்தார்.

மருத்துவம் பயில விரும்பிய டாசிக்கிற்கு ஹார்வர்டு கதவடைத்தது. அந்நாளில் அங்குப் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கப்படவில்லை. ஒரு பாடத்தை மட்டும் கேட்க இசைவு கிடைத்தபோதும், ஆண் மாணவரோடு பேசாமல் அரங்கின் மூலையில் தனியே அமர வேண்டும் என்பது நிபந்தனை. பின்னர்ப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த பேராசிரியர் ஒருவர், அவர் கையில் ஒரு மாட்டின் இதயத்தைக் கொடுத்து ஆராயச் சொன்னார். அன்று தொடங்கிய இதய ஆய்வு வாழ்நாள் முழுதும் நீடித்தது. அப்பேராசிரியரின் அறிவுரைப்படியே அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்தார். அக்கல்லூரி 1893இல் தொடங்கப்பட்டபோது அதற்கு நிதி திரட்டிக் கொடுத்தவர்கள் பெண்கள் குழுவினர். ஆண்களுக்கு இணையாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்னும் நிபந்தனையோடுதான் அப்பணத்தை அவர்கள் வழங்கினர். அந்த நிபந்தனையின் பயனை ஒரு தலைமுறைக்குப் பின் டாசிக் பெற்றார். 1927இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

பொறுப்பேற்ற சில ஆண்டுகளில் அவருடைய செவித்திறன் குன்றத் தொடங்கியது. இதய ஒலியைக் கேட்டே நோயை அறிய வேண்டிய துறையில் காது கேளாமை எத்துணைப் பெரிய இடர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் படிக்கக் கற்றார்; ஒலி பெருக்கும் ஸ்டெத்தஸ்கோப்பைப் பயன்படுத்தினார். அதைவிடத் தம் கைகளை நம்பினார். குழந்தையின் மார்பின்மேல் உள்ளங்கையை மெல்ல வைத்து, துடிப்பின் அதிர்வையும் குருதிப்பாய்ச்சலின் நடுக்கத்தையும் விரல்களால் உணர்ந்தார். அச்சமுற்ற குழந்தைகள் அந்தக் கைக்கு அமைதியுற்றிருக்க வேண்டும்.

இவற்றோடு, உடலுக்குள் நிகழும் இயக்கத்தைத் திரையில் காட்டும் எக்ஸ் கதிர்க் கருவியையும் அவர் பயன்கொண்டார். குழந்தையைப் பல பக்கங்களில் திருப்பித் திருப்பி, இதயத்தின் எந்த அறை பெரிதாகியுள்ளது, நுரையீரலுக்குக் குருதி மிகுதியாகச் செல்கிறதா குறைவாகச் செல்கிறதா என்று குறித்துவைத்தார். இறந்த குழந்தைகளின் இதயங்களைக் கண்டு, உயிரோடிருந்தபோது தாம் எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டார். தம் கணிப்புத் தவறிய இடங்களை அவர் இவ்வாறே கண்டறிந்தார். இப்பணி பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது.

மூடிக்கொண்ட குழாய்

தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. ஆகவே நுரையீரலுக்குச் செல்லும் தமனியிலிருந்து பெருந்தமனிக்குக் குருதியைத் திருப்பிவிடும் சிறு குழாய் ஒன்று இயற்கையாகவே அமைந்துள்ளது. பிறந்த பின் அதன் தேவை முடிகிறது; சில நாள்களில் அது தானே மூடிக்கொள்கிறது. சிலருக்கு மூடாமல் இருந்துவிடும். உடல்நலமுள்ள இதயத்திற்கு அது ஒரு குறை.

நீலக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த டாசிக் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். நுரையீரல் தமனி குறுகிப் பிறந்த குழந்தைகளுள், இக்குழாய் திறந்திருந்தவர் ஓரளவு நலமாக இருந்தனர். குழாய் மூடிக்கொண்டபோது நீலம் மிகுந்து, நிலை மோசமாகி, பலர் இறந்தனர். எனவே இவர்களைக் கொல்வது இதயத்தின் தளர்ச்சி அன்று. நுரையீரலுக்குப் போதிய குருதி செல்லாமையே என்று அவர் முடிவுகட்டினார். அடைபட்ட வழிக்கு மாற்றாக அக்குழாய் ஒரு சுற்றுவழியாக உதவியிருக்கிறது. அவ்வாறாயின், மூடிக்கொண்ட குழாய்க்கு ஈடாக மனிதக் கையாலேயே ஒரு குழாயை அமைத்தால் என்ன?

> தெரிந்து தெளிவோம்
> நீலக் குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு இருந்த குறைபாட்டை விரிவாக விளக்கியவர் பிரான்சு நாட்டின் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ, ஆண்டு 1888. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருத்தல், இதயத்தின் கீழறைகளுக்கு இடைப்பட்ட சுவரில் துளை, பெருந்தமனி அத்துளைக்கு மேலாக இடம்பெயர்ந்திருத்தல், வலக் கீழறையின் தசை தடித்தல் என்னும் நான்கும் ஒருங்கே அமைவதால் இது 'ஃபாலோவின் நாற்குறை' எனப்படுகிறது. உயிர்வளி பெறாத குருதி, நுரையீரலை அடையாமல் துளை வழியாகப் பெருந்தமனிக்குள் கலந்துவிடுவதே நீல நிறத்திற்குக் காரணம்.

பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் இளம் அறுவை மருத்துவர், மூடாமல் விடப்பட்ட இக்குழாயை 1938இல் வெற்றியுடன் கட்டி அடைத்திருந்தார். டாசிக் அவரைச் சென்று கண்டு, அடைப்பதற்கு மாறாகக் குழாயொன்றை உருவாக்க இயலுமா என்று வினவினார். கிராஸ் ஆர்வம் காட்டவில்லை. குழாய்களை அடைப்பதில் பெயர்பெற்றுவந்த ஒருவரிடம் குழாயை அமைக்கச் சொன்னது அவருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கலாம். டாசிக் வினாவோடு பால்டிமோர் திரும்பினார்.

தச்சரின் கைகள்

1941இல் ஆல்பிரட் பிளாலக் என்னும் அறுவை மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் அறுவை மருத்துவத் துறைக்குத் தலைவராக வந்தார். வரும்போதே தம் ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸையும் உடன் அழைத்துவந்தார். தாமஸ் கறுப்பினத்தவர், நாஷ்வில் நகரில் வளர்ந்தவர், தச்சுத்தொழிலில் தேர்ந்தவர். மருத்துவம் படிக்கவெனச் சேர்த்துவைத்திருந்த பணம், பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது வங்கி முறிந்ததால் போயிற்று. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலக்கின் ஆய்வகத்தில் அவர் பணிக்குச் சேர்ந்தார். அறுவை நுட்பங்கள், வேதிக் கணக்கீடுகள், பதிவேடு எழுதுதல் அனைத்தையும் அங்கே கற்றுத் தேர்ந்தார். ஆயினும் ஊதியப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர் வகையிலேயே வைக்கப்பட்டிருந்தார்.

டாசிக் பிளாலக்கிடம் தம் வினாவை முன்வைத்தார். தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் குழாய்களை மாற்றி இணைப்பதுபோல் நுரையீரலுக்கு மிகுதியான குருதியைத் திருப்ப இயலாதா என்பதே அதன் சாரம். பிளாலக்கும் தாமஸும் சில ஆண்டுகளுக்கு முன், நுரையீரலில் குருதியழுத்தத்தை உயர்த்தும் நோக்கத்தோடு, கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்துப் பார்த்திருந்தனர். அழுத்தம் உயரவில்லை, ஆய்வு தோல்வி என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தோல்வியே இப்போது தேடிய விடையாக வந்து நின்றது.

ஆயினும் விடை கைக்கெட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. பணியின் பெரும்பகுதி தாமஸிடம் விடப்பட்டது. முதலில் நாய்களில் நீலக் குழந்தையின் நிலையைச் செயற்கையாக உருவாக்க வேண்டும். பின் அதைத் தீர்க்க வேண்டும். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த குறைபட்ட இதயங்களை அவர் மணிக்கணக்கில் ஆராய்ந்தார். ஏறத்தாழ இருநூறு நாய்கள் அவ்வாய்வில் பயன்பட்டன. இன்று அவ்வெண்ணிக்கையைக் கேட்போருக்கு மனம் கலங்கும். நெடுங்காலம் உயிர்வாழ்ந்த 'அன்னா' என்னும் நாயின் ஓவியத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்துப் போற்றியதும் அதனால்தான் போலும். குழந்தைகளின் நூல்போன்ற நாளங்களைத் தைப்பதற்கேற்ற கருவிகள் அந்நாளில் இல்லாததால், இருந்த ஊசிகளையும் பற்றுக்கருவிகளையும் தாமஸ் தம் கையால் திருத்தி அமைத்துக்கொண்டார்.

1944 நவம்பர் 29

அன்று அறுவை அரங்கிற்குக் கொண்டுவரப்பட்ட பெண் குழந்தைக்கு வயது பதினைந்து மாதம். எடை ஏறத்தாழ நான்கு கிலோகிராம். உயிர்வளிக் கூடாரத்திற்குள்ளேயே பெரும்பாலும் கிடந்த குழந்தை அது. இத்துணை நலிந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க மூத்த மருத்துவர் ஒருவர் இசையவில்லை. இளையவர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றார். மறுத்தவரைக் குறைகூறுவதற்கில்லை. மயக்க மருந்தே குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அறுவை செய்யாவிடில் குழந்தை பிழைக்காது என்பதும் உறுதியாக இருந்தது.

பிளாலக் அறுவையைத் தொடங்கினார். அவர் வலத்தோளுக்குப் பின்னால், ஒரு சிறு படிப்பலகையின்மேல் தாமஸ் நின்றார். அந்த அறுவையை ஆய்வகத்தில் மிகப் பலமுறை செய்திருந்தவர் தாமஸ்தான். பிளாலக்கிற்கு அதில் அந்த அளவு பழக்கமில்லை. ஆகவே தையலின் இடைவெளி சரியா, ஊசி செல்லும் திசை சரியா என்று தலைவர் கேட்க, உதவியாளர் மெல்லிய குரலில் விடை கூறினார். டாசிக் குழந்தையின் தலைப்பக்கம் நின்று நிறத்தைக் கவனித்தார். கைக்குச் செல்லும் தமனி வெட்டப்பட்டு, அதன் முனை நுரையீரல் தமனியின் பக்கவாட்டில் தைக்கப்பட்டது. கையை வேறு சிறு நாளங்கள் காத்துக்கொள்ளும்.

குழந்தை பிழைத்தது, தேறி வீடு சென்றது. ஆனால் சில மாதங்களில் நீலம் மீண்டும் வந்தது. மறுமுறை செய்த அறுவைக்குப் பின் அது உயிர் தப்பவில்லை. வெற்றி வரலாறுகளைச் சொல்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவதுண்டு. எனினும் அக்குழந்தையின் பெற்றோர் ஒப்புதல் அளித்திராவிடில் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பே கிட்டியிராது.

1945 பிப்ரவரியில் மூன்றாவதாக அறுவைக்கு வந்தவன் ஆறு வயதுச் சிறுவன். நடக்கவும் இயலாதிருந்தவன். தமனியைப் பற்றியிருந்த கருவிகளை விடுவித்ததும், மேசையின்மேல் கிடந்தபடியே அவன் உதடுகள் நீலம் நீங்கிச் சிவந்தன. அரங்கில் இருந்தோர் அனைவரும் அதைக் கண்ணால் கண்டனர்.

அவ்வாண்டு மே மாதம் பிளாலக்கும் டாசிக்கும் இணைந்து எழுதிய கட்டுரை அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியானது. மூன்று குழந்தைகளின் வரலாறுதான் அதில் இருந்தது. செய்தி பரவியதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நீலம் பாரித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் பால்டிமோருக்கு வந்தனர். முன்னறிவிப்பின்றி வந்தவரும் பலர். சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோருக்கு அங்கே அறுவை நடந்தது. இது நோயை முற்றும் நீக்கும் மருத்துவம் அன்று. உயிர்வாழக் காலம் வாங்கிக் கொடுக்கும் வழியே. இதயத்தைத் திறந்து குறைகளைச் சீராக்கும் அறுவை 1954இல்தான் மின்னசோட்டாவில் நிகழ்ந்தது. வாங்கிய காலம் அதுவரை பலரைக் காத்து நின்றது.

கற்க வந்தவர்கள்

வந்த கூட்டத்தில் நோயாளிகளோடு மருத்துவர்களும் இருந்தனர். டாசிக்கிடம் பயிற்சி பெறப் பல நாடுகளிலிருந்து இளைஞர் வந்து சேர்ந்தனர். 1947இல் அவர் வெளியிட்ட பிறவி இதயக் குறைபாடுகள் பற்றிய நூல் அவர்களுக்குக் கைவிளக்கானது. குழந்தை இதயவியல் என்னும் தனித்துறை அங்கிருந்தே கிளைத்தது.

அவரிடம் பயின்றவருள் ஒருவர் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சி. பத்மாவதி. பர்மாவில் பிறந்து இரங்கூனில் மருத்துவம் கற்ற அவர், 1942இல் போரினால் அந்நாட்டை விட்டு நீங்கிக் கோயம்புத்தூரில் அடைக்கலம் புகுந்த குடும்பத்தவர். இங்கிலாந்திலும் பின் டாசிக்கிடமும் பயின்று 1953இல் இந்தியா திரும்பினார். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணியேற்று, அடுத்த ஆண்டே இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார். நூறு வயதைக் கடந்தும் இதய மருத்துவத்தோடு தொடர்பு நீங்காதிருந்த அவர் 2020இல் மறைந்தார்.

பயிற்சி என்பது மேலிருந்து கீழே மட்டும் பாய்வதன்று. 1950களின் தொடக்கத்தில் ஹாரியட் லேன் இல்லத்தின் பயிற்சி மருத்துவர்கள், நள்ளிரவில் தனியே நோயாளியைப் பார்க்கும்போது தேவைப்படும் மருந்தளவுகளையும் அட்டவணைகளையும் ஒரு சட்டைப்பைக் கையேடாகத் தொகுத்தனர். அக்கையேட்டை இன்றளவும் அங்குள்ள தலைமைப் பயிற்சி மருத்துவர்களே புதுப்பித்து வெளியிடுகின்றனர். உலகெங்கும் குழந்தை மருத்துவம் பயில்வோர் கைகளில் அது இருக்கிறது.

மாணவர் கொணர்ந்த செய்தி

1962 தொடக்கத்தில், முன்பு தம்மிடம் பயின்ற செருமானிய மருத்துவர் ஒருவர் வாயிலாக டாசிக் ஓர் அச்சமூட்டும் செய்தியைக் கேட்டார். மேற்குச் செருமனியில் கைகால் வளராத குழந்தைகள் நூற்றுக்கணக்கில் பிறக்கின்றன. கருவுற்ற தாய்மார் உட்கொண்ட தாலிடோமைடு என்னும் உறக்க மருந்தே காரணம் என்று ஐயுறப்படுகிறது என்பதே அது. ஆம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்டு லென்சு முதலியோரின் எச்சரிக்கையால் 1961 நவம்பரில்தான் அங்கு அம்மருந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

அறுபத்து மூன்று வயதில் டாசிக் உடனே புறப்பட்டார். மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று குழந்தைகளைப் பார்த்தார். தாய்மாரிடமும் மருத்துவரிடமும் வினவினார். நாடு திரும்பி மருத்துவர் கூட்டங்களிலும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் கண்டதைக் கூறினார். அமெரிக்காவில் அம்மருந்தின் விற்பனைக்கு ஒப்புதல் அளிக்காமல் பிரான்சிஸ் கெல்சி என்னும் அரசு அலுவலர் முன்னரே உறுதியாக நிறுத்திவைத்திருந்தார். இவ்விருவரும் எழுப்பிய விழிப்புணர்வு, அவ்வாண்டே மருந்துகளுக்குக் கடுமையான சோதனையைக் கட்டாயமாக்கிய சட்டம் நிறைவேறத் துணைசெய்தது.

விடுபட்ட பெயர்

1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் இரண்டு பெயர்களே இருந்தன. அறுவை முறையும் பிளாலக் – டாசிக் இணைப்பு என்றே வழங்கியது. டாசிக்கிற்கு உரிய மதிப்பும் விரைவில் வந்துவிடவில்லை. அவர் பேராசிரியரானது 1959இல். தாமஸின் பெயரோ அக்கட்டுரையில் எங்கும் இல்லை. அவர் வெள்ளை மேலாடையுடன் மருத்துவமனை நடைவழியில் சென்றால் வியப்போடு திரும்பிப் பார்க்கும் காலம் அது. குடும்பச் செலவுக்காக, பிளாலக் அளித்த விருந்துகளில் பரிமாறும் வேலையையும் அவர் செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் தாம் அறுவை கற்பித்த இளம் மருத்துவர்களுக்கே மறுநாள் மாலை பானம் ஊற்றிக் கொடுத்தார்.

அந்த இளம் மருத்துவர்கள் பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்களாயினர். தம் கைத்திறனில் பாதி எவரிடமிருந்து வந்தது என்பதை மறவாதிருந்தனர். அவர்கள் பொருள் திரட்டி வரையச் செய்த தாமஸின் ஓவியம் 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வழங்கப்பட்டது. 1976இல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1985இல் தாமஸும், அடுத்த ஆண்டு டாசிக்கும் மறைந்தனர். செயற்கைக் குழாயைக் கொண்டு செய்யப்படும் அவ்வறுவையின் திருத்திய வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது. மருத்துவ நூல்கள் பல அதனை இப்போது பிளாலக் – தாமஸ் – டாசிக் இணைப்பு என்று எழுதுகின்றன.